முதல் 1/16 ஆர்சி டாங்கி: டைகர் வாங்கலாமா, எப்படிப் பராமரிப்பது?

கூழாங்கல் (பதிவு 1)

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக 1/35 அளவில் பிளாஸ்டிக் டாங்கிகளை ஒட்டி வண்ணம் தீட்டி வருகிறேன். அலமாரியில் நிற்பதையே பார்த்துப் பார்த்து, ஓடுகிற டாங்கி ஒன்று வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. 11 வயதாகும் என் மகளுக்கும் அதே ஆசை. 1/16 அளவில், ரிமோட்டில் ஓடும் (ஆர்சி) டைகர் 1, அதாவது இரண்டாம் உலகப் போர் கால ஜெர்மன் டாங்கி என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டோம்.

அதற்கு அப்புறம்தான் குழப்பம். ஒரே டாங்கி முழு பிளாஸ்டிக், எஃகு கியர்பாக்ஸ், உலோக ட்ராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை), முழு உலோக உடல் என்று பல விதமாகக் கிடைக்கிறது. பிறகு மாற்றிக்கொண்டிருப்பதற்குப் பதில் முதலிலேயே எல்லாம் உலோகமாக உள்ளதை வாங்கிவிடலாமா? பெரும்பாலும் வீட்டுக்குள் ஓட்டுவோம், எப்போதாவது வெளியே மண்ணில். பராமரிப்பு என்று என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதும் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பற்சக்கரம் (பதிவு 2)

வாங்க கூழாங்கல். 1/35 செய்து பழகிய கைக்குப் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதி, அசைகிற பாகங்கள்.

முதலில் அளவைக் கண்முன் கொண்டுவாருங்கள். நிஜ டைகரின் உடல் சுமார் 6.3 மீட்டர், பீரங்கிக் குழாயோடு சேர்த்து 8.45 மீட்டர். பதினாறால் வகுத்தால் உடல் 39 செ.மீ., குழாயோடு 53 செ.மீ. அளவுக்கு வரும். பிளாஸ்டிக் உடல் என்றால் மூன்று நான்கு கிலோ. முழு உலோகம் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை. 11 வயதுப் பிள்ளை அதைத் தூக்கி மேசைமேல் வைக்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அடுத்தது வேகம். நிஜ டைகர் நல்ல சாலையில் அதிகபட்சம் மணிக்கு 45 கிலோமீட்டர். அதையும் பதினாறால் வகுத்தால் மணிக்கு 2.8 கிலோமீட்டர்தான், நாம் சாதாரணமாக நடப்பதைவிட மெதுவு. பெட்டியிலிருந்து எடுத்து ஓட்டினால் பல டாங்கிகள் இதைத் தாண்டிப் பாயும். பார்க்க உற்சாகமாக இருக்கும், ஆனால் கனமான பொருள் என்ற உணர்வு போய்விடும். கியர் விகிதத்தைத் தேர்ந்தெடுக்க முடியுமென்றால் 3:1 வேண்டாம், 4:1 எடுங்கள். மெதுவாகப் போகும், இழுவை கூடும், மோட்டார் சூடாவதும் குறையும்.

உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். எஃகு கியர்பாக்ஸ், பிளாஸ்டிக் ட்ராக். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காரணம் சொல்கிறேன். கார் சக்கரத்தைத் திருப்பித் திரும்புகிறது. டாங்கி அப்படி இல்லை. ஒரு பக்க ட்ராக்கை நிறுத்தியோ பின்னால் ஓட்டியோதான் அது திரும்ப முடியும். அந்த நேரத்தில் தரையில் படிந்திருக்கும் ட்ராக் முழுவதும் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டு நகர வேண்டும். அந்தச் சுமை அப்படியே ஸ்ப்ராக்கெட் (ட்ராக்கை இழுத்து ஓட்டும் பல் வைத்த சக்கரம்), அச்சு, கியர்பாக்ஸின் கடைசிப் பல் என்று போய் இறங்கும். வண்டியின் எடை கூடினால் இந்தச் சுமையும் கூடும். கம்பளத்தின் மேல் நின்ற இடத்திலேயே டாங்கியைச் சுழற்றிப் பாருங்கள், மோட்டார் திணறும் சத்தம் கேட்கும். மேடு ஏறும்போதுகூட அவ்வளவு திணறாது.

இன்னொன்று, டைகரின் சக்கரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அடுக்கடுக்காக இருக்கும். உள்வரிசைச் சக்கரத்தைக் கழற்ற வேண்டுமென்றால் முன்னால் இருக்கும் சக்கரங்களை எடுத்தால்தான் முடியும். நிஜப் போர்க்களத்தில் அந்த இடுக்குகளில் சேறும் பனியும் இறுகிப்போய் டைகர் படைவீரர்கள் பட்ட பாடு எழுதப்பட்டிருக்கிறது. மாடலிலும் அதே இடுக்கில்தான் மண்ணும் புல்லும் போய் அடைக்கும். வெளியில் நிறைய ஓட்டுவீர்கள் என்றால் சக்கரங்கள் இப்படி அடுக்காத ஷெர்மனையோ டி-34ஐயோ யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குள் என்றால் டைகரே சரி.

எஃகுத்தடம் (பதிவு 3)

பற்சக்கரம் அண்ணா சொன்னதில் கியர்பாக்ஸ் விஷயம் வரைக்கும் முழுதாக ஒத்துக்கொள்கிறேன். ட்ராக்கில்தான் மாறுபடுகிறேன்.

பிளாஸ்டிக் ட்ராக் போட்ட டாங்கி ஓடும்போது ட்ராக்கின் மேற்பகுதி விறைப்பாக நேர்கோட்டில் நிற்கும். டைகரில் மேலே ட்ராக்கைத் தாங்கும் உருளைகள் கிடையாது. நிஜத்தில் அதன் ட்ராக் தன் எடையால் சக்கரங்களின் மேல் தொய்ந்து படுத்துக் கிடக்கும். அந்தத் தொய்வைப் பார்த்தால்தான் அது டைகர். உலோக ட்ராக் போட்ட அன்றே அது தானாக வந்துவிடும். எடை கீழே இறங்குவதால் சின்னக் கல்லின் மேல் ஏறும்போதும் வண்டி துள்ளாது, ஸ்பிரிங்குகள் உண்மையிலேயே வேலை செய்யும். 1/35 செய்கிற ஒருவருக்கு இந்தத் தோற்றம் ரொம்ப முக்கியமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

என் டைகரில் எஃகு கியர்பாக்ஸ், உலோக ஸ்ப்ராக்கெட், உலோக ட்ராக். நான்கு வருடமாக ஓடுகிறது.

பற்சக்கரம் (பதிவு 4)

தொய்வைப் பற்றிச் சொன்னது உண்மை, அதில் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் தம்பி, உங்கள் டைகரில் ஸ்ப்ராக்கெட்டும் உலோகம் என்பதைக் கவனியுங்கள். புதிதாக வருபவர்கள் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பிளாஸ்டிக் ஸ்ப்ராக்கெட்டின் மேல் உலோக ட்ராக்கைப் போட்டால் பற்கள் சீக்கிரமே மழுங்கிவிடும். பிளாஸ்டிக் கியர்பாக்ஸோடு உலோக ட்ராக்கைச் சேர்த்தால் உள்ளே இருக்கும் பற்கள் உடையும். அதனால் வரிசை இதுதான்: முதலில் கியர்பாக்ஸ், அப்புறம் ஸ்ப்ராக்கெட்டும் ஐட்லரும் (ட்ராக்கின் மறுமுனையில் அதைத் தாங்கித் திருப்பும் சக்கரம்), கடைசியாக ட்ராக். இந்த வரிசையைப் பின்னாலிருந்து தொடங்கியவர்கள் எல்லாவற்றையும் இரண்டு முறை வாங்கியிருக்கிறார்கள்.

அதோடு உலோக ட்ராக் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியதும் ஓட்டுகிற பொருள் இல்லை. பெரும்பாலானவை துத்தநாகக் கலவையில் வார்த்தவை. கண்ணிகளின் விளிம்பில் பிசிறு இருக்கும், சில மூட்டுகள் மடங்காமல் இறுகி நிற்கும். ஒவ்வொரு மூட்டையும் விரலால் மடக்கிப் பார்த்து, இறுகியதை அரத்தால் தேய்த்து இளக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் அந்த ஒரு மூட்டு ஸ்ப்ராக்கெட்டுக்குள் வரும் ஒவ்வொரு முறையும் கியர்பாக்ஸுக்கு ஓர் இடி.

முதல் டாங்கியில் இந்த வேலை வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஆறு மாதம் பிளாஸ்டிக் ட்ராக்கில் ஓட்டி, வண்டியின் சத்தம் காதுக்குப் பழகட்டும். அதற்குப் பிறகு மாற்றினால் எது சரியில்லை என்பது கேட்டவுடனே தெரிந்துவிடும்.

சாலிடர் (பதிவு 5)

மின்சாரப் பக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் சொல்கிறேன்.

புதிதாக வாங்கினால் ரிமோட் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் இருக்கும், கவலை இல்லை. பழைய டாங்கிகள் 27 மெகாஹெர்ட்ஸில் ஓடின. ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஓட்டினால் ஒன்றின் கட்டளை மற்றொன்றுக்குப் போகும். பழையதை வாங்குவதாக இருந்தால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஹெங் லாங் நிறுவன டாங்கிகளில் கட்டுப்பாட்டு போர்டுகளுக்கு 6.0, 7.0 என்று தலைமுறை எண் உண்டு. போர்டை மட்டும் மாற்ற நினைக்கும்போது அதற்குரிய ரிமோட்டும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். டமியா நிறுவனத்தின் டாங்கி வேறு வகை. கிட்டாக வரும், பாகங்களை நீங்களே வைத்துச் சேர்க்க வேண்டும். 1/35 பழக்கம் உள்ளவருக்கு அதுவும் மிகப் பிடிக்கும், செலவு மட்டும் கூடுதல். சொந்தமாக நிரல் எழுதிப் பார்க்கும் ஆர்வம் இருந்தால் ஓப்பன் பான்சர் என்று திறந்த மூலத் திட்டம் ஒன்று உண்டு. அதன் கட்டுப்பாட்டு போர்டு, ஆர்டுயினோ மெகா என்ற நிரல் எழுதும் மின்பலகையில் இருக்கும் அதே சில்லைக் கொண்டது.

இப்போது பேட்டரி. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பழைய டாங்கிகளில் 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரி, இப்போது பெரும்பாலும் 7.4 வோல்ட் லித்தியம் அயான். லித்தியம் என்றால் உள்ளே இரண்டு செல்கள். நிறைந்த நிலையில் மொத்தம் 8.4 வோல்ட். ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது, அதாவது மொத்தம் 6 வோல்ட். வண்டி சோர்ந்துபோய்த் திரும்பத் தடுமாறினால் உடனே நிறுத்திவிடுங்கள், கடைசிச் சொட்டு வரை ஓட்டாதீர்கள். பேட்டரியில் மாட்டும் சின்ன வோல்டேஜ் அலாரம் கிடைக்கும், அதை மாட்டினால் குறைந்தவுடன் கத்தும். பல வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்து, வண்டியிலிருந்து கழற்றி எடுத்துவையுங்கள். நிக்கல் சார்ஜரை லித்தியத்துக்கு மாட்டவே கூடாது. சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

நள்ளிரவு (பதிவு 6)

சாலிடர் சொல்வதை அப்படியே கேளுங்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் ஓட்டிவிட்டு சுவிட்சை அணைக்க மறந்து அலமாரியில் வைத்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்துத்தான் எடுத்தேன். பேட்டரியை அளந்தால் இரண்டு செல்லும் சேர்ந்து 3 வோல்ட்கூட இல்லை. பழைய நிக்கல் பேட்டரிப் பழக்கத்தில் சார்ஜரில் போட்டால் எழுந்துவிடும் என்று நினைத்துப் போட்டேன். கால் மணி நேரத்தில் உறை உப்ப ஆரம்பித்தது. நல்ல வேளையாக அருகிலேயே இருந்தேன், கழற்றி வெளியே சிமெண்டுத் தரையில் வைத்துவிட்டு, மறுநாள் பழைய பேட்டரிகள் சேகரிக்கும் இடத்தில் கொடுத்தேன்.

அவ்வளவு கீழே இறங்கிய லித்தியத்தை எழுப்ப முயற்சி செய்யவே கூடாது. அன்றிலிருந்து ஓட்டி முடித்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றுவதுதான் என் முதல் வேலை.

தூரிகை (பதிவு 7)

கூழாங்கல், வண்ணம் தீட்ட மேல்மூடியைக் கழற்றுவீர்கள்தானே, ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூடியைத் திருகு நீக்கியதும் சட்டென்று தூக்காதீர்கள். டரெட்டுக்கும் (பீரங்கியோடு சுழலும் மேற்பகுதி) விளக்குகளுக்கும் போகும் கம்பிகள் கீழே போர்டில் செருகியிருக்கும், நீளமும் குறைவு. ஒரு விரல் அளவு தூக்கி, உள்ளே பார்த்து, ஒவ்வொரு செருகிக்கும் காகித நாடா ஒட்டி எண் எழுதி, ஒரு புகைப்படமும் எடுத்துக்கொண்டு பிறகு கழற்றுங்கள். மூன்று செருகிகள் ஒரே அளவில் இருந்தால் திரும்ப எது எங்கே என்று நினைவிருக்காது.

வண்ணத்தில் 1/35க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம், கை படுவது. தூக்கும்போது பிடிக்கிற இடங்களில் பூச்சு தேயும், அதனால் மங்கல் வார்னிஷ் இரண்டு அடுக்கு அவசியம். ட்ராக்கில் கண்ணிகள் உரசும் உள்பக்கத்தில் வண்ணமே வேண்டாம். எப்படிப் பூசினாலும் உதிரும், உதிர்ந்த துகள் மூட்டுக்குள் போகும். நிஜ டாங்கியிலும் அங்கே பளபளவென்று வெறும் உலோகம்தான் தெரியும்.

கூழாங்கல் (பதிவு 8)

எல்லோருக்கும் நன்றி. மகளோடு உட்கார்ந்து எல்லாப் பதிவுகளையும் படித்தேன். எஃகு கியர்பாக்ஸ், பிளாஸ்டிக் ட்ராக், 4:1 என்று முடிவு.

இன்னொரு கேள்வி. தெரிந்தவர் ஒருவர் இரண்டு வருடம் ஓட்டிய டைகர் ஒன்றைக் கொடுப்பதாகச் சொல்கிறார். போய்ப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? பிறகு, குண்டு சுடுவதும் அகச்சிவப்புக் கதிரும் இரண்டும் இருக்கிறதாம். பிள்ளை ஓட்டப்போகிறாள், அது பாதுகாப்பானதா?

பற்சக்கரம் (பதிவு 9)

வண்டியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்க ட்ராக்கையும் மெதுவாக ஓடவிடச் சொல்லுங்கள். இரு பக்கச் சத்தமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். அப்புறம் அணைத்துவிட்டு ஸ்ப்ராக்கெட்டை விரலால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கொஞ்சம் ஆட்டம் இயல்பு. வெளியேயும் உள்ளேயும் இழுக்க வந்தால் அச்சோ அதைத் தாங்கும் புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. ஐட்லர் அச்சு உள்பக்கம் சாய்ந்து நின்றால் ட்ராக்கை ரொம்ப இறுக்கி ஓட்டியிருக்கிறார்கள். கீழே திருப்பி, சக்கரங்களின் அச்சில் முடி, கம்பள நூல் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். அது நிறைய இருந்தால் யாரும் கழற்றித் துடைக்கவே இல்லை என்று அர்த்தம். திருகுகளின் தலை சிதைந்திருந்தால் காரணத்தைக் கேளுங்கள். கடைசியாக, தரையில் வைத்து ரிமோட்டின் இரண்டு குச்சியையும் சமமாகத் தள்ளி நேராகப் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

சாலிடர் (பதிவு 10)

சுடுவதைப் பற்றி. 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டு கண்ணில் பட்டால் ஆபத்து, இதில் இரண்டு கருத்துக்கே இடமில்லை. அறையில் இருக்கும் எல்லோரும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டால்தான் குண்டு நிரப்ப வேண்டும். பிள்ளைகளும் வளர்ப்புப் பிராணிகளும் இருக்கும் வீட்டில் நான் அந்தப் பகுதியைக் கழற்றியே வைத்துவிடுவேன். அந்த இடத்தில் குழாய் பின்வாங்கும் இயக்கத்தைப் பொருத்தலாம். சுடும்போது குழாய் உள்ளே போய்த் திரும்பி வருவது பார்க்க எவ்வளவோ அழகு.

அகச்சிவப்பு முறையில் எந்தப் பயமும் இல்லை. டிவி ரிமோட் போன்ற ஒளிதான். டரெட்டின் மேல் கதிரை உணரும் உருண்டையான வாங்கி ஒன்றைப் பொருத்துவோம், ஆப்பிள் என்போம். எதிரியின் கதிர் அதில் பட்டால் வண்டி குலுங்கும், குறிப்பிட்ட எண்ணிக்கை அடி விழுந்ததும் நின்றுவிடும். டமியா முறையில் இலகு, நடுத்தரம், கனரகம் என்று வகை உண்டு. கனரக டாங்கி அதிக அடி தாங்கும், ஆனால் அடுத்த குண்டுக்கு அதிக நேரம் காத்திருக்க வேண்டும். டைகர் எதிரே இரண்டு ஷெர்மன் வந்தால் ஆட்டம் உண்மையிலேயே சூடுபிடிக்கும். வெயிலில் மட்டும் விளையாடாதீர்கள். சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு நிறைய இருப்பதால் வாங்கிக்கு அடி பதிவாகாது. மாலை நேரமோ நிழலோ வேண்டும்.

எஃகுத்தடம் (பதிவு 11)

டாங்கியில் வரும் புகைக் கருவி பற்றி ஒரு வரி. அதற்கென்று விற்கும் எண்ணெயை மட்டும், சொல்லியிருக்கும் அளவில் விடுங்கள். அதிகம் விட்டால் வழிந்து போர்டின் மேல் இறங்கும். எண்ணெய் தீர்ந்தபின் ஓடவிட்டால் சூடேற்றும் கம்பியும் திரியும் கருகிவிடும். வீட்டுக்குள் ஓட்டினால் ஜன்னலைத் திறந்துவையுங்கள். நான் பெரும்பாலும் அணைத்தே வைத்திருக்கிறேன்.

கூழாங்கல் (பதிவு 12, ஏழு வாரம் கழித்து)

தெரிந்தவரின் வண்டியைப் போய்ப் பார்த்தேன், ஐட்லர் பற்றி அண்ணா சொன்னது அப்படியே இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் புதியதே வாங்கினோம். ஆறு வாரமாக ஓடுகிறது. மகள் எண்ணை 131 என்று எழுதச் சொன்னாள். 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிடிபட்டு, இங்கிலாந்தில் போவிங்டன் அருங்காட்சியகத்தில் இன்னும் ஓடுகிற நிலையில் இருக்கும் டைகரின் எண். அவளே படித்துத் தெரிந்துகொண்டாள்.

இப்போது ஒரு பிரச்சினை. மூன்று நாளாக இடது பக்கம் "டிக், டிக்" என்று சத்தம். நேராகப் போகும்போது இல்லை. வலப்பக்கம் திரும்பும்போது மட்டும். நேற்று கம்பளத்தில் திருப்பும்போது இடது ட்ராக் கழன்றே வந்துவிட்டது. கியர் உடைந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

எஃகுத்தடம் (பதிவு 13)

ட்ராக் தளர்ந்திருக்கும். பிளாஸ்டிக் ட்ராக் ஓட ஓடக் கொஞ்சம் நீளும். ஐட்லரை ஒரு நிலை பின்னால் தள்ளி இறுக்கிப் பாருங்கள்.

நள்ளிரவு (பதிவு 14)

பல் உடைந்த கியரும் இப்படித்தான் டிக் என்று கேட்கும். கியர்பாக்ஸைத் திறந்து பாருங்கள்.

பற்சக்கரம் (பதிவு 15)

கொஞ்சம் பொறுங்கள். கியர்பாக்ஸைத் திறப்பது கடைசி வேலை. ட்ராக்கை இறுக்கவும் வேண்டாம். இறுக்கினால் சத்தம் மறையலாம், காரணம் அப்படியே உள்ளே இருக்கும், சுமை அச்சின் மேல் ஏறும்.

உடைந்த பல் என்றால் எந்தப் பக்கம் போனாலும் ஒவ்வொரு சுற்றிலும் கேட்கும். திரும்பும்போது மட்டும் கேட்கிறது என்றால் பக்கவாட்டு விசை வரும்போது ஏதோ நகர்கிறது. இப்படிச் செய்யுங்கள். வண்டியின் அடிவயிற்றுக்குக் கீழே ஒரு கனமான புத்தகத்தை வைத்து ட்ராக்குகள் தரையில் படாமல் நிறுத்துங்கள். இடது ட்ராக்கைக் கழற்றிவிட்டு மெதுவாக ஓட்டுங்கள். சத்தம் இருந்தால் கியர்பாக்ஸ். இல்லையென்றால் ட்ராக்கும் ஸ்ப்ராக்கெட்டும் சந்திக்கும் இடம். பிறகு வண்டியை நேர் முன்னாலிருந்து, கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்ப்ராக்கெட், சக்கரங்கள், ஐட்லர் மூன்றும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா? வலது பக்கத்தோடு ஒப்பிட்டு ஒரு அளவுகோலால் அளந்து எழுதுங்கள்.

கூழாங்கல் (பதிவு 16)

ட்ராக் இல்லாமல் ஓட்டினேன், எந்தச் சத்தமும் இல்லை! அளந்து பார்த்ததில் இடது ஸ்ப்ராக்கெட் வலதைவிட 2 மி.மீ. வெளியே தள்ளி நிற்கிறது. விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது.

பற்சக்கரம் (பதிவு 17)

அதுதான். ஸ்ப்ராக்கெட்டை அச்சோடு பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருக்கிறது. திரும்பும்போது ட்ராக் ஸ்ப்ராக்கெட்டை வெளியே இழுக்கிறது, பற்கள் கண்ணியின் துளைக்குள் இறங்காமல் விளிம்பில் ஏறி விழுகின்றன. அந்த விழுதல்தான் உங்கள் டிக். கியர் நலம்.

வெளிமூடியை நீக்கி, ஸ்ப்ராக்கெட்டை முழுவதும் உள்ளே தள்ளி, திருகை இறுக்குங்கள். திருகு மறுபடி தளராமல் இருக்கத் திருகுப் பசை போடலாம், நீல நிறத்தில் வருகிறதே, பிறகு கழற்ற முடிகிற வகை. ஆனால் கவனம். அந்தப் பசை பல பிளாஸ்டிக்குகளை நொறுங்கவைக்கும். இன்று போட்டால் சில நாளில் மயிர்க்கோடு போல விரிசல் வரும். எனவே உலோகத் திருகு உலோக அச்சுக்குள் போகும் இடத்தில் மட்டும், குண்டூசி முனையால் தொட்டு வைக்கிற அளவு போதும். ஸ்ப்ராக்கெட் பிளாஸ்டிக் என்றால் வழிந்ததை உடனே துடைத்துவிடுங்கள். திருகு பிளாஸ்டிக்கில் இறங்குகிற இடம் எதிலும் பசையே வேண்டாம்.

வலது பக்கத்தையும் இப்போதே பாருங்கள், அதுவும் அதே ஆறு வாரம் ஓடியதுதான்.

எஃகுத்தடம் (பதிவு 18)

இறுக்கச் சொன்ன என் யோசனை தவறு, திரும்பப் பெறுகிறேன். அண்ணா, இதைப் படித்ததும் என் இன்னொரு வண்டி நினைவுக்கு வந்தது. டி-34. அதன் உலோக ட்ராக்கில் கண்ணிகளைக் கோக்கும் ஊசிகள் ஓடும்போது மெல்ல மெல்ல உள்பக்கமாக வெளியே வந்து உடலை உரசுகின்றன.

இதில் அருமையான விஷயம் என்னவென்றால், நிஜ டி-34லும் இதே கதைதான். ஊசிக்கு உள்பக்கம் மட்டும் தலை, வெளிப்பக்கம் பிடிமானம் கிடையாது. ஊசி நகர்ந்து வெளியே வந்தால், உடலில் பின்பக்கம் பொருத்திய சாய்வான இரும்புத் தகடு ஒன்று ட்ராக் சுற்றும்போது அதைத் தட்டி உள்ளே தள்ளிவிடும். ஓட ஓடத் தானே சரியாகிக்கொள்ளும். நான் 1 மி.மீ. பித்தளைத் தகட்டில் அதேபோல ஒன்றைச் செய்து, ஸ்ப்ராக்கெட்டுக்குச் சற்று முன்னால் உடலில் திருகினேன். மூன்று மணி நேரம் ஓட்டியாயிற்று, ஒரு ஊசிகூட வெளியே நிற்கவில்லை. மாடலுக்காக யோசித்த தீர்வு நிஜ வண்டியிலேயே இருந்தது என்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

தூரிகை (பதிவு 19)

அந்தத் தகட்டைக் கட்டாயம் படம் எடுத்துப் போடுங்கள். என் டி-34க்கும் வேண்டும்.

கூழாங்கல் (பதிவு 20)

திருகை இறுக்கினோம், பசையும் அண்ணா சொன்ன அளவில்தான். கம்பளத்தில் பத்து முறை நின்ற இடத்தில் சுழற்றிப் பார்த்தோம், சத்தமே இல்லை. வலது பக்கத் திருகும் அரைச் சுற்று தளர்ந்துதான் இருந்தது.

மகள் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம் ஓட்டினோம், எங்கே, என்ன சத்தம் என்று எழுதத் தொடங்கிவிட்டாள். அதை வைத்து ஒரு பராமரிப்புக் கணக்கு போடலாம் என்கிறாள். எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை எதைச் செய்ய வேண்டும்?

பற்சக்கரம் (பதிவு 21)

நல்ல பிள்ளை. நோட்டுப் புத்தகம் என்னிடமும் உண்டு.

ஒவ்வொரு முறை ஓட்டியதும்: பேட்டரியைக் கழற்றுங்கள், பழைய பல்துலக்கும் பிரஷால் ட்ராக்கையும் சக்கர இடுக்கையும் உலர்ந்தபடி துலக்குங்கள், அச்சுகளில் சுற்றிய முடியை இடுக்கியால் எடுங்கள். ஸ்ப்ராக்கெட் திருகைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. ட்ராக்குக்கு எண்ணெய் போடவே போடாதீர்கள். எண்ணெயில் மண் ஒட்டினால் அது சாணை பிடிக்கும் பசை மாதிரி ஆகி மூட்டுகளைத் தின்றுவிடும்.

ஐந்தாறு மணி நேரம் ஓடியதும் சக்கர அச்சுகளுக்கு ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய், பிளாஸ்டிக்குக்குக் கேடு செய்யாத வகை. ஐட்லரைப் பார்த்து ட்ராக்கின் தொய்வைச் சரிசெய்யுங்கள். நடுவில் விரலால் அழுத்தினால் சற்று இறங்க வேண்டும், ஆனால் திரும்பும்போது ஸ்ப்ராக்கெட்டை விட்டு எழும்பக்கூடாது.

இருபது மணி நேரத்துக்கு ஒருமுறை மேல்மூடியைத் திறந்து கியர்பாக்ஸைப் பாருங்கள். பழைய கிரீஸ் கறுத்து, உலோகப் பொடி கலந்திருந்தால் துடைத்துவிட்டுப் புதிதாக வெள்ளை லித்தியம் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசுங்கள். அள்ளி அப்பினால் சுழற்சியில் தெறித்து மோட்டாருக்குள் போகும். வெளியே மண்ணிலோ ஈரத்திலோ ஓட்டியிருந்தால் இருபது மணி வரை காத்திருக்காமல் அன்றைக்கே திறக்க வேண்டும்.

சாலிடர் (பதிவு 22)

திறக்கும்போது மோட்டார் முனைகளில் பற்றவைத்த இடங்களையும் பாருங்கள். அங்கே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று குறுக்கே இருக்கும், மோட்டாரின் மின் இரைச்சலை அடக்க. அதன் கால் விட்டுப்போனால் டரெட் தானாக நடுங்கும், சத்தத்தில் கரகரப்பு வரும். பலர் போர்டு கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றுகிறார்கள்.

கூழாங்கல் (பதிவு 23)

எல்லாவற்றையும் அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். இதுவரை ஒன்பது மணி நேரம் ஆகியிருக்கிறது, இன்றைக்கே எண்ணெய் போட்டுவிடுகிறோம். உதிரிப் பாகம் எதையாவது முன்கூட்டியே வாங்கி வைக்கலாமா?

பற்சக்கரம் (பதிவு 24)

ட்ராக் கண்ணிகளும் ஊசிகளும் கொஞ்சம், ஸ்ப்ராக்கெட் திருகு நான்கு, ஐட்லர் ஒரு சோடி. கியர்பாக்ஸ் இப்போது வேண்டாம். என்றாவது வாங்க நேர்ந்தால் இடது, வலது தனித்தனி என்பதை நினைவில் வையுங்கள், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதியது, ஒன்று தேய்ந்தது என்று இருந்தால் வண்டி நேராகப் போகாது.

எண்ணெய் போட்டபின் முதல் பத்து நிமிடம் எப்படி ஓடியது என்று பாப்பாவை எழுதச் சொல்லுங்கள்.